முதல் முடி

என் நாத்தனார் வால்ட்ராடா தேன் ஜாடியோடு வந்தால் எனக்குப் பயம். வெறுங்கையோடு வந்தால் பயமில்லை, சண்டை போட வந்திருக்கிறாள் என்று அர்த்தம். சண்டையில் அவளை நான் ஜெயித்துவிடுவேன். தேனோடு வந்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறாள். கேட்டதை வாங்காமல் அவள் திரும்பியதே கிடையாது.

அந்த வருடம் பனி உருகியதும் இரண்டு ஜாடி கொண்டுவந்தாள்.

என் கணவர் ஓட்கர் அப்போது எங்கள் அலமான்னிய ஜனங்களின் கோமகன். ஏரியின் வடகரை முழுவதும் அவர் வைத்ததுதான் சட்டம். வால்ட்ராடா அவருடைய அக்கா. என் மாமனார் காலத்தில், எங்களைவிடப் பலமான அண்டை ஜனங்களான பிராங்குகளோடு ஒரு சமாதானம் பேசி, அதற்கு அடையாளமாக அவளைக் குந்த்ராம் என்ற பிராங்குப் பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சமாதானம் மறு வருடமே முறிந்துபோயிற்று. கல்யாணம் மட்டும் நின்றது. அவள் போகும்வரை தாயில்லாத ஓட்கரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தவள் அவள்தான். அதை அவள் யாரையும் மறக்க விட்டதில்லை.

"தம்பி, உன் மருமகன் தியூடோவுக்கு முதல் முடி எடுக்கணும். ஈஸ்டர் முடிஞ்சதும் வச்சிருக்கோம். நீதான் வந்து வெட்டணும்" என்றாள்.

எங்கள் பெரிய வீடுகளில் பையன்களின் தலையில் விவரம் தெரியும் வயதுவரை கத்தரி படாது. முதன்முதலில் ஒரு கொத்து முடியை வெட்டுகிறவர் அந்தப் பையனுக்கு இரண்டாவது தகப்பன். பேச்சுக்குச் சொல்லும் தகப்பன் அல்ல. பெற்ற பிள்ளைக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் முடி கொடுத்த பிள்ளைக்கும் உண்டு. ஓட்கர் வெட்டினால் தியூடோ ஓட்கரின் மகன். ஓட்கருக்குப் பிறகு வடகரை அவனுக்கு.

எனக்கு அப்போது ஏழு மாதம்.

"அண்ணி, எங்களுக்கே பிள்ளை வரப்போகுது. அது வந்தப்புறம் வச்சுக்கலாமே. பையனோட முடி அதுவரைக்கும் வளரட்டும். என்ன, கொஞ்சம் கண்ணை மறைக்கும், அவ்வளவுதானே."

"உன் வயித்துல இருக்கிறது பொண்ணா இருந்தா?"

"பொண்ணா இருந்தா அதுக்கும் முடி வளரும்."

அவள் சிரித்தாள். என் பக்கம் திரும்பாமல் தம்பியின் தட்டில் இன்னொரு துண்டு புகைபோட்ட மீனை வைத்தாள். "பாத்தியா தம்பி, உன் பொண்டாட்டிக்கு என் பிள்ளை மேல எவ்வளவு பொறாமைன்னு. அடியேய், உன் பிள்ளைக்குப் பொறக்கும்போதே ஒரு அண்ணன் கிடைக்கிறான். நாளைக்கு பிராங்கு அரண்மனையில இருந்து படை வந்தா, குந்த்ராம் யார் பக்கம் நிப்பார்? தன் மகன் வீட்டைக் காப்பாத்தத்தான் நிப்பார். எல்லாம் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அதில் நியாயம் இருந்தது, அதுதான் கோபம். பிராங்குகள் மூன்று பக்கமும் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு பிராங்கு வடகரைக்குக் கோமகனாக உட்கார்ந்தால் எங்கள் ஜனங்கள் ஒரு மூட்டை பார்லிகூடக் கொடுக்க மாட்டார்கள் என்பது பிராங்குகளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் அவர்களுக்கு வேண்டும். அது எனக்குத் தெரிந்தது. என் கணவருக்கும் தெரியாமலா இருக்கும்?

அன்று மாலை கேட்டேன்.

"அக்கா எனக்குக் கெடுதல் நினைப்பாளா ஹெர்லிண்டா?" என்றார் ஓட்கர். கோபப்படவில்லை. ஒரு கோமகன் இவ்வளவு நல்லவனாக இருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. கட்டிக்கொண்டது அந்த நல்ல குணத்துக்காகத்தான். அதையே குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

போனோம்.

முடி எடுக்கும் வீட்டில் கத்தரியைத் தவிர வேறு இரும்பு இருக்கக்கூடாது. இருந்தால் பிள்ளைக்கு ஆகாது. குந்த்ராமின் மண்டபத்து வாசலில் எங்கள் ஆட்கள் வாள், ஈட்டி, சாப்பாட்டுக் கத்திவரை கழற்றிக் குவித்தார்கள். எங்கள் காவல் தலைவர் எபுரோ வாளைக் கழற்றவே பாடாய்ப் படுத்தினார்.

"பிராங்கு வீட்டுக்குள்ள வாளில்லாம போறதும் கால்சட்டை இல்லாம போறதும் ஒண்ணுதான்" என்று முணுமுணுத்தார்.

"இரண்டையும் கழட்ட நான் தயார் பெரியவரே, நீர் முதல்ல எதைக் கழட்டப் போறீர்னு சொல்லும்" என்றான் ஒரு பிராங்கு. எல்லோரும் சிரித்தார்கள். அவர்களும் தங்கள் வாட்களைக் கழற்றி எங்கள் குவியலுக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். அதைப் பார்த்ததும் எபுரோவும் கழற்றினார். எனக்கும் மூச்சு லேசாயிற்று.

பன்றி வறுத்திருந்தார்கள். தேன்மது ஓடியது. தியூடோவை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். பாவம், அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மாமாவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். ஓட்கர் அவன் நெற்றியை முத்தமிட்டு, ஒரு கொத்து முடியை விரலில் சுற்றி, கத்தரியால் வெட்டினார். மண்டபம் முழுவதும் ஆரவாரம்.

"சொல்லணும் மச்சான், எல்லாருக்கும் கேக்குற மாதிரி" என்றான் குந்த்ராம்.

"இவன் என் மகன்" என்றார் ஓட்கர்.

"கடைசி வரிசைக்குக் கேக்கலையே."

"இவன் என் மகன். என் வீடும் மண்ணும் இவனுக்கும் உண்டு." என் கணவர் சிரித்துக்கொண்டே கத்திச் சொன்னார். எங்கள் ஆட்கள், அவர்கள் ஆட்கள், பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் சாட்சி.

குந்த்ராம் கத்தரியைத் திருப்பி வாங்கிக்கொண்டான். "நல்லது" என்று மட்டும் சொன்னான்.

திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள் கையில் இரும்பு இல்லை. கயிறு இருந்தது. முறை தவறவில்லை, பாருங்கள். சாமியும் குற்றம் சொல்ல முடியாதபடி செய்தார்கள். எபுரோவையும் எங்கள் ஆட்களையும் பெஞ்சுகளோடு சேர்த்துக் கட்டினார்கள். ஓட்கரை மண்டியிட வைத்தார்கள். அவரைப் பிடித்தவர்களோடு ஒரு துறவியும் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஆண்களுக்கு நீள முடிதான் கிரீடம். தலையை மழித்தவன் ஆள முடியாது. மழித்து மடத்துக்குப் போனவன் உலகத்துக்குச் செத்தவன், அவனுடைய சொத்து அன்றைக்கே மகனுக்குப் போய்விடும். அந்த மகனைத்தான் இப்போது அவர் தன் கையாலேயே, தன் வாயாலேயே உண்டாக்கி வைத்திருந்தார்.

ஓட்கர் குந்த்ராமைத் திட்டவில்லை. திமிறவும் இல்லை. "அக்கா!" என்று கூப்பிட்டார். கிணற்றில் விழுந்த குழந்தை கூப்பிடுகிற மாதிரி. "அக்கா! அக்கா, பாரேன்!"

வால்ட்ராடா தியூடோவின் முகத்தைத் தன் மார்பில் அழுத்திக்கொண்டு நின்றாள். அவன் பார்க்கக்கூடாதாம். அந்தக் கரிசனம் மட்டும் இருந்தது.

நான் என்னைப் பிடித்தவனின் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது, அவன் பிடியை விடவில்லை. எத்தனை பேர் முன்னால் எவ்வளவு அசிங்கமாகக் கத்தினேன் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமில்லை. அதே கத்தரியால் என் புருஷனின் முடியை வெட்டினார்கள். இடுப்புவரை இருந்த முடி. அப்புறம் அதன் அலகாலேயே உச்சியை வட்டமாக மழித்தார்கள். முடிந்ததும் காது இரண்டும் துருத்திக்கொண்டு, யாரோ ஒரு பையன் மாதிரி இருந்தார்.

வால்ட்ராடா என் பக்கத்தில் வந்தாள்.

"கத்தாத. பிள்ளைத்தாச்சி நீ. குந்த்ராம் உன் புருஷனைக் கொல்லணும்னுதான் நின்னார். நான்தான் காலைப் பிடிச்சுக் கெஞ்சி, உயிருக்குப் பதிலா முடியைக் கொடுத்தேன். உயிரோட இருக்கான்ல? சந்தோஷப்படு."

"இதையும் தேன்ல தொட்டுத்தான் தருவீங்களா அண்ணி?" என்றேன்.

ஓட்கரை ஏரித் தீவிலிருந்த மடத்துக்குக் கொண்டுபோனார்கள். என்னை எபுரோவோடு என் அப்பா வீட்டுக்கு, தென்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தியை வைத்துக்கொண்டிருந்தால் ஊர் பேசும் என்று குந்த்ராம் நினைத்திருப்பான். அடுத்த வாரமே தியூடோவைக் கோமகன் ஆசனத்தில் உட்காரவைத்து, அவன் பெயரில் குந்த்ராம் ஆளத் தொடங்கினான்.

எனக்குப் பையன் பிறந்தான்.

எங்களில் பிறந்த பிள்ளையைத் தரையில் கிடத்துவார்கள். தகப்பன் குனிந்து தூக்கினால்தான் அது அவன் பிள்ளை. தூக்காத பிள்ளைக்கு அப்பன் வீட்டில் ஒரு பிடி மண் கிடையாது, அப்பன் பெயரும் கிடையாது. என் மகனைத் தூக்க ஆளில்லை. பெற்றெடுத்த வலி அடங்குவதற்கு முன்பே எனக்கு அந்த ஒன்றுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் தலைவரான ஆயரிடம் வேலை பார்க்கும் திருத்தொண்டர் ராதோ ஞானஸ்நானம் பற்றிப் பேச வந்தார். ரொம்ப ஜாக்கிரதையான மனுஷர், நெருப்பைப் பார்த்தால்கூட அது சுடுமா என்று ஆயரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கயித்துல கட்டி மழிச்சது துறவறம் இல்லம்மா. அவர் தன் வாயால 'எனக்குச் சம்மதம்'னு சொல்லணும். இன்னும் சொல்லலையாம், மடத்துல கேட்டேன்."

"அப்படின்னா?"

"அவர் இந்தப் பிள்ளையைச் சாட்சிக்கு முன்னாடி கையில தூக்கினா, 'நான் உயிரோட இருக்கிற தகப்பன்'னு சொன்ன மாதிரி. முடி கொடுத்த பிள்ளை அப்புறம் இரண்டாவது பிள்ளைதான். ஆயர் நம்ம பக்கம் நிப்பார். எழுதித் தர நான் வரேன்."

"எழுத வேண்டாம். வந்து கண்ணைத் திறந்து பாத்தாப் போதும்."

பிள்ளை பெற்ற உடம்போடு படகில் ஏறக்கூடாது என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்கவில்லை. எபுரோ துடுப்புப் போட்டார். பிள்ளையை ஓட்கரின் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றியிருந்தேன். வழியெல்லாம் எனக்குச் சந்தேகமே இல்லை. குனிவார், தூக்குவார், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாகப் படகில் போனதில்லை.

மடத்து முற்றத்தில் வால்ட்ராடா உட்கார்ந்திருந்தாள்.

தம்பியைப் பார்க்க அடிக்கடி வருவாளாம். பாலாடைக்கட்டி கொண்டுவருவாளாம். அவர் வைக்கோல் மெத்தைக்கு மேலே போட ஆட்டுத்தோல் தைத்துக் கொடுத்திருக்கிறாளாம். வாசல் துறவி இதையெல்லாம் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்.

ஓட்கர் வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். தலையில் முளைத்த முடியை மறுபடியும் மழித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண் நிறைந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கெல்லாம் பிறகு நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

பிள்ளையைக் கல் தரையில் கிடத்தினேன். குளிர் பட்டதும் அது காலை உதைத்துக்கொண்டு வீறிட்டது.

"பையன்" என்றேன். "தூக்குங்க."

அவர் இரண்டு அடி வந்தார். குனிந்தார். கை நீண்டது. கம்பளிமேல் விரல் பட்டதை நான் பார்த்தேன். ராதோவும் பார்த்தார். எபுரோ அழத் தொடங்கிவிட்டார்.

"தம்பி" என்றாள் வால்ட்ராடா. எழுந்திருக்கக்கூட இல்லை. "தூக்கினா குந்த்ராம் சும்மா இருக்க மாட்டார். முதல்ல உன் கண்ணைப் பிடுங்குவார். நான் தடுக்கிறதெல்லாம் எவ்வளவு நாளைக்கு? யோசிச்சுக்க."

கை நின்றது.

"பிடுங்கட்டும்" என்றேன். "கண்ணு போனா நான் கையைப் பிடிச்சு நடத்துறேன். சோறு ஊட்டுறேன். ராத்திரி எது பகல் எதுன்னு நான் சொல்றேன். ஆயர் வீட்டு வாசல்ல பிச்சை எடுத்தாவது வச்சுக் காப்பாத்துறேன். நீங்க தூக்குங்க. என்னங்க, பிள்ளைக்குக் குளிருது, தூக்குங்க."

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவர் மாதிரி, தூணைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு ஏற்கெனவே ஒரு மகன் இருக்கான், ஹெர்லிண்டா. என் கையால முடி எடுத்து நானே ஏத்துக்கிட்ட மகன். எனக்கு இது போதும். எனக்குச் சம்மதம்."

அந்தச் சொல்லைத்தான் கயிற்றால் கட்டியும் அவர்களால் வாங்க முடியாமல் இருந்தது. பாலாடைக்கட்டியும் ஆட்டுத்தோலும் வாங்கிவிட்டன. கூடக் கொஞ்சம் பயம். வால்ட்ராடா பெருமூச்சு விட்டாள், வேலை முடிந்த மாதிரி.

அவள் செய்ததை நான் எப்போதும் மன்னிக்க மாட்டேன். ஆனால் அவள் தன் பிள்ளைக்காகச் செய்தாள் என்று எனக்குப் புரிகிறது. இவர் யாருக்காகச் செய்தார்? தரையில் கிடந்தது இவர் பிள்ளை. என் உடம்பெல்லாம் நெருப்பாக எரிந்தது. இவரை மீட்கப் பச்சை உடம்போடு ஏரியைத் தாண்டி வந்தேனே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

ராதோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் என்னம்மா பதிவு பண்ண?" என்றார்.

"விதவைச் சத்தியம் எடுத்துக்கறேன். அதைப் பதிவு பண்ணுங்க."

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற சீர் ஒன்று உண்டு. எனக்கு ஓட்கர் கொடுத்தது கரையோரத்து ஆப்பிள் தோட்டமும் அதை ஒட்டிய மீன்துறையும். புருஷன் இறந்துவிட்டால் அதை வாங்க ஒரு பெண்ணுக்குச் சாட்சி தேவையில்லை. மார்பிலும் பின்னலிலும் கை வைத்து அவள் சொல்லும் சொல் போதும். அதை எந்தப் பிரபுவும் மறுக்க முடியாது. அந்தத் தோட்டத்தில்தான் குந்த்ராம் குதிரைகளைக் கட்டியிருந்தான்.

வால்ட்ராடா இப்போதுதான் எழுந்தாள். "ஏய், அவன் உன் முன்னாடியே நிக்கிறான். என்ன பேச்சு பேசற?"

"அவர் செத்துட்டார்னுதானே உங்க பிள்ளை அங்க உக்காந்திருக்கான் அண்ணி? சொல்லுங்க. உயிரோட இருக்கார்னா அவனை இறக்கிவிடுங்க. நான் இப்பவே வாயை மூடிக்கிறேன்."

அவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

நான் இடது கையை மார்பில் வைத்தேன். பால் கட்டி வலித்தது. வலது கையால் பின்னலைப் பிடித்துக்கொண்டேன். ஓட்கரின் முகத்துக்கு நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"என் புருஷன் ஓட்கர் இறந்துட்டார். கரைத் தோட்டத்தையும் துறையையும் அவர் எனக்குச் சீராகக் கொடுத்தார். இது சத்தியம்."

அவருடைய உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். இன்னும்கூட, கடவுளே, அந்த நொடியில்கூட எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் சத்தியத்தை விழுங்கியிருப்பேன்.

மடத்தில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது இறந்தார்கள் என்று காதில் விழுந்தால், யாரென்று கேட்காமலேயே சிலுவை போட்டு, இறந்தவருக்கான ஜெபத்தைச் சொல்லிவிடுவார்கள். ஓட்கர் கையைத் தூக்கிச் சிலுவை போட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில், என் புருஷனுடைய ஆத்துமா அமைதி அடையட்டும் என்று என் புருஷனே ஜெபம் சொன்னார்.

நான் குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தேன்.